கீபோர்டில் ராகம் வாசிக்க: கட்டை, மேளம், சுருதி, வளைவு

கர்நாடக இசை வாசிக்கக் கீபோர்டின் முன் உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஷட்ஜம் (ச என்னும் அடிப்படை ஸ்வரம்) எந்தக் கட்டையில் (கீ) என்பதை. அது நிச்சயமாகிவிட்டால் மீதி எல்லாமே ஷட்ஜத்திலிருந்து எத்தனை கட்டை தள்ளி என்கிற கணக்குத்தான். சி, டி, இ என்று கட்டைப் பெயர்களை வைத்து ராகத்தை மனப்பாடம் செய்தவர், பாடகர் அரைக் கட்டை ஏற்றிக் கேட்டதும் தடுமாறுவார். தூரத்தை வைத்துப் பழகியவருக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தூரக் கணக்கிலேயே போகிறது.

கட்டைகளைப் படிப்பது

நம் கடைகளில் அதிகம் விற்பது 61 கட்டைக் கீபோர்டு. வெள்ளை 36, கருப்பு 25; மொத்தம் ஐந்து ஸ்தாயி. இடக்கோடியிலும் வலக்கோடியிலும் இருப்பது சி. கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு உள்ள கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை சி. மூன்று உள்ள கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எஃப். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்தால் போதும், மற்றவை தானாக வந்துவிடும்.

கருப்பு, வெள்ளை என்ற பேதத்தைக் காது அறியாது. அடுத்தடுத்த எந்த இரண்டு கட்டைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு அரைச்சுரம், அதாவது 100 சென்ட். 12 அரைச்சுரம் சேர்ந்தால் ஒரு ஸ்தாயி, 1200 சென்ட். இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கருப்புக் கட்டை கிடையாது. அவை இரண்டும் வெள்ளையாக இருந்தாலும் தூரம் ஒரே ஒரு அரைச்சுரம்தான். ஆரம்பத்தில் நடக்கும் எண்ணிக்கைத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடத்தில்தான் நடக்கின்றன.

பாடகர்கள் தங்கள் ஷட்ஜத்தின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கு ஆர்மோனியத்திலிருந்து வந்தது. சி 1 கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி 2, டி ஷார்ப் இரண்டரை, இ 3, எஃப் 4, எஃப் ஷார்ப் நாலரை, ஜி 5, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ 6, ஏ ஷார்ப் ஆறரை, பி 7. மூன்றரையும் ஏழரையும் இந்த வரிசையில் வராததற்குக் காரணம் மேலே சொன்ன அதே இரண்டு இடைவெளிகள்.

இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சி-தான் மத்திய சி. மிடி எண் (மின்னிசைக் கருவிகள் ஒவ்வொரு கட்டைக்கும் தரும் எண்) 60, அதிர்வு 261.6 ஹெர்ட்ஸ். யமஹா கையேடுகள் இதையே சி 3 என்றும், ரோலண்டும் கோர்கும் சி 4 என்றும் எழுதும். ஒரு கையேட்டைப் பார்த்துக்கொண்டு வேறு கம்பெனிக் கீபோர்டை அமைத்தால் எல்லாம் ஒரு ஸ்தாயி தள்ளிப் போகும். குழப்பம் வந்தால் மிடி எண்ணை நம்புங்கள். அது எல்லாக் கம்பெனிக்கும் பொது.

ஆண்குரல் 1 கட்டையில் பாடும்போது அவருடைய மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதாவது கீபோர்டில் இடமிருந்து இரண்டாவது சி. பெண்குரல் 5 கட்டையில் பாடினால் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், இரண்டாவது சி-க்கு மேலே வரும் ஜி. பலர் மூன்றாவது சி-யில் ஆரம்பித்து, பாடுபவரைவிட ஒரு ஸ்தாயி மேலே வாசித்துக்கொண்டிருப்பார்கள். சுருதி சேரும், ஆனால் குரலோடு இழையாமல் தலைக்கு மேல் மிதக்கும்.

இடக்கைப் பக்கக் கட்டையை அழுத்தினால் ஒற்றை ஸ்வரத்துக்குப் பதிலாக மூன்று நான்கு ஸ்வரம் சேர்ந்த கார்டும் தாளமும் ஒலிக்கிறதா? கீபோர்டு கெட்டுப்போகவில்லை. ஆட்டோ அக்கம்பனிமென்ட் இயக்கத்தில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, ஸ்ப்ளிட் (இடப்பக்கம், வலப்பக்கம் வேறு வேறு ஒலி), டூயல் (இரண்டு ஒலி சேர்ந்து) இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஷட்ஜத்தை நகர்த்துவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, விரல்களை எப்போதும் சி-யிலிருந்தே வைத்துக்கொண்டு டிரான்ஸ்போஸ் பொத்தானால் ஒலியை நகர்த்துவது. மற்றது, டிரான்ஸ்போஸைத் தொடாமல் உண்மையான கட்டையிலிருந்தே வாசிப்பது.

படிக்கிற காலத்தில் முதல் வழியே நல்லது. கமகத்துக்கான (ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பதற்கான) கை அசைவு ஒரே வடிவத்தில் படியும். டிரான்ஸ்போஸ் எண் ஒன்று ஏறினால் அரைச்சுரம் ஏறும். இரண்டரைக் கட்டைக்கு +3, 4 கட்டைக்கு +5. 5 கட்டைக்கு இரண்டு விதமாகப் போகலாம்: +7 அல்லது −5. +7 வைத்தால் இரண்டாவது சி பெண்குரலின் ஷட்ஜமாகும். −5 வைத்தால் அதே ஷட்ஜத்துக்கு மூன்றாவது சி-க்குப் போக வேண்டும். மேல் ஸ்தாயிக்கு வலப்பக்கம் நிறைய இடம் வேண்டுமென்றால் +7, மந்திர ஸ்தாயியில் இறங்கி வாசிக்க இடப்பக்கம் வேண்டுமென்றால் −5.

ஆனால் டிரான்ஸ்போஸை மட்டுமே நம்பி நின்றுவிடக் கூடாது. மெல்லிசைக் குழுவில் கிடார்காரர் டி மைனர் என்று சொன்னால் அவர் சொல்வது காதில் விழும் ஸ்வரத்தை. டிரான்ஸ்போஸ் +3-ல் இருந்தால் உங்கள் கை தேட வேண்டியது பி. அந்தக் கணக்கைப் பாட்டு நடுவே போடுவது கொடுமை. ஒரு வருடம் பழகியபின் ஜி, டி, எஃப் மூன்றையும் நேரடி ஷட்ஜமாக வைத்து மாயாமாளவகௌளையின் சரளி வரிசையாவது (ஆரம்பப் பாடம்) வாசித்துப் பழகிவிடுங்கள்.

தம்புராவோ நாதஸ்வரமோ சரியான கட்டைக்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருந்தால் டிரான்ஸ்போஸ் உதவாது, அதற்கு மாஸ்டர் டியூனிங் வேண்டும். கீபோர்டு வரும்போது ஏ 440 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்த இடத்தில் 1 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ 4 சென்ட். நாதஸ்வரம் 20 சென்ட் ஏறியிருந்தால் 445 என்று வையுங்கள். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் வாசிக்க வாசிக்கச் சூடாகி ஏறும் என்பதால், முதல் உருப்படி முடிந்ததும் மறுபடி ஒத்துப் பார்ப்பது அவசியம்.

பன்னிரண்டு இடம், பதினாறு பெயர்

ஷட்ஜத்தை 0 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வலப்பக்கமாக ஒவ்வொரு கட்டையாக எண்ணுங்கள்.

1: சுத்த ரிஷபம் (ரி1)
2: சதுஸ்ருதி ரிஷபம் (ரி2), சுத்த காந்தாரம் (க1)
3: ஷட்ஸ்ருதி ரிஷபம் (ரி3), சாதாரண காந்தாரம் (க2)
4: அந்தர காந்தாரம் (க3)
5: சுத்த மத்யமம் (ம1)
6: பிரதி மத்யமம் (ம2)
7: பஞ்சமம்
8: சுத்த தைவதம் (த1)
9: சதுஸ்ருதி தைவதம் (த2), சுத்த நிஷாதம் (நி1)
10: ஷட்ஸ்ருதி தைவதம் (த3), கைசிகி நிஷாதம் (நி2)
11: காகலி நிஷாதம் (நி3)
12: மேல் ஷட்ஜம்

2, 3, 9, 10 ஆகிய நான்கு இடங்களுக்கும் இரண்டு பெயர். எந்தப் பெயரில் அழைப்பது என்பதை ராகம் சொல்லும், கட்டை சொல்லாது. கனகாங்கி ராகத்தில் 2-ஆம் இடம் காந்தாரம். அதை ரிஷபம் என்று பாடிக்கொண்டே வாசித்தால் கை சரியாக இருந்தாலும் ஸ்வரக் கோர்வை பிழையாகும்.

மேளகர்த்தா (ஏழு ஸ்வரமும் வரும் தாய் ராகம், சுருக்கமாக மேளம்) எண் தெரிந்தால் 72 மேளத்தில் எதையும் புத்தகம் பார்க்காமல் கட்டையில் வைத்துவிடலாம். எண் 36-க்கு மேல் இருந்தால் 36-ஐக் கழியுங்கள், மத்யமம் 6-ஆம் இடம். 36 வரை என்றால் 5-ஆம் இடம். கிடைத்த எண்ணிலிருந்து 1 கழித்து 6-ஆல் வகுங்கள். ஈவு ரிஷப காந்தாரத்தையும், மீதி தைவத நிஷாதத்தையும் தரும். ஈவு 0 என்றால் ரி க இருப்பது 1, 2-ஆம் இடங்களில்; ஈவு 1 என்றால் 1, 3; ஈவு 2 என்றால் 1, 4; ஈவு 3 என்றால் 2, 3; ஈவு 4 என்றால் 2, 4; ஈவு 5 என்றால் 3, 4. தைவத நிஷாதமும் இதே ஒழுங்குதான், 7 கூட்டிக்கொண்டால் போதும்: மீதி 0 என்றால் 8, 9, 1 என்றால் 8, 10, 2 என்றால் 8, 11, 3 என்றால் 9, 10, 4 என்றால் 9, 11, 5 என்றால் 10, 11.

மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம். 14-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 2. எனவே 0, 1, 4, 5, 7, 8, 11. சி-யிலிருந்து வைத்தால் சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. மேசகல்யாணி 65: 36 போனால் 29, அதில் 1 போனால் 28, ஈவு 4, மீதி 4. எனவே 0, 2, 4, 6, 7, 9, 11. இதே வழியில் கரகரப்ரியாவை (22) நீங்களே போட்டுப் பாருங்கள். 0, 2, 3, 5, 7, 9, 10 வர வேண்டும்.

இந்தத் தூரங்களைக் கண்ணுக்கு முன்னால் வைக்க ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஷட்ஜம் மாறும்போது ஸ்டிக்கர் பொய் சொல்லும். அதற்குப் பதிலாக ஒரு காகிதப் பட்டை செய்யுங்கள். முழு அளவுக் கட்டைகள் கொண்ட கீபோர்டில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் 16.5 செ.மீ. கட்டைகளின் பின் முனையில், பேனலை ஒட்டிய இடத்தில், கருப்பும் வெள்ளையும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் வரும். 16.5 செ.மீ.-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு கட்டைக்கு 13.75 மி.மீ. 33 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் தடித்த அட்டையை வெட்டி, 24 சம பாகமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 11 வரை இரண்டு சுற்று எழுதுங்கள். கட்டைகளுக்குப் பின்னால் பேனல் ஓரத்தில் சாய்த்து வைத்து, 0-ஐ வேண்டிய ஷட்ஜத்துக்கு நேராக நகர்த்தினால் எந்தச் சுருதிக்கும் ஒரே பட்டை போதும். குட்டிக் கட்டைக் கீபோர்டு என்றால் ஒரு சி-யின் இட ஓரத்திலிருந்து அடுத்த சி-யின் இட ஓரம் வரை அளந்து அந்த அளவை 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையில் ஆறு மேளம், கருப்பில் ஐந்து ராகம்

கருப்பைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்து, ஆரம்பிக்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். சி-யிலிருந்து தீரசங்கராபரணம், டி-யிலிருந்து கரகரப்ரியா, இ-யிலிருந்து ஹனுமத்தோடி, எஃப்-இலிருந்து மேசகல்யாணி, ஜி-யிலிருந்து ஹரிகாம்போஜி, ஏ-யிலிருந்து நடபைரவி. பி-யில் ஆரம்பித்தால் 7-ஆம் இடத்தில் பஞ்சமம் கிடைக்காது, இரண்டு மத்யமமும் வந்துவிடும், அது மேளமாகாது.

கருப்பில் இன்னும் அழகு. ஐந்தே கட்டைகள். எஃப் ஷார்ப்பை ஷட்ஜமாக வைத்தால் மோகனம் (0, 2, 4, 7, 9). ஜி ஷார்ப்பில் மத்யமாவதி (0, 2, 5, 7, 10). ஏ ஷார்ப்பில் ஹிந்தோளம் (0, 3, 5, 8, 10). சி ஷார்ப்பில் சுத்தசாவேரி (0, 2, 5, 7, 9). டி ஷார்ப்பில் சுத்ததன்யாசி (0, 3, 5, 7, 10). கிரகபேதம் (ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறுவது) என்றும், பழந்தமிழ் இசையில் பண்ணுப்பெயர்த்தல் என்றும் சொல்லப்படுவதன் சாரத்தை ஐந்து நிமிடத்தில் காதுக்குக் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளைச் சொல்லி, அவற்றில் குரல் மாறினால் பாலை (ஏழு நரம்பின் வரிசை) மாறும் என்ற பழைய இலக்கணத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இதைச் செய்யும்போது பின்னணியில் தம்புரா கட்டாயம், அதுவும் புதிய ஷட்ஜத்துக்குச் சேர்த்த தம்புரா. தம்புரா சி-யிலேயே ஓடிக்கொண்டிருந்தால் டி-யிலிருந்து எத்தனை முறை வாசித்தாலும் காது கரகரப்ரியாவைக் கேட்காது. சுருதியை மாற்ற விருப்பமில்லை என்றால் டி-யிலிருந்து வாசித்து டிரான்ஸ்போஸை −2 ஆக்குங்கள். கேட்கும் ஷட்ஜம் சி-க்கே வந்துவிடும்.

ஆனாலும் இது காதுக்கான பயிற்சி. கச்சேரிக்கு இப்படி வெள்ளைக் கட்டையிலேயே ஒதுங்கிக்கொள்வது பழக்கமாகிவிட்டால், விவாதி மேளமோ (ரி3, க1, த3, நி1-இல் ஏதாவது வருவது) மாயாமாளவகௌளையோ வந்ததும் கை நின்றுவிடும்.

விரல் வைப்பு

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஒரே விதிதான் முக்கியம்: கட்டைவிரல் கருப்பில் விழக் கூடாது. கருப்புக் கட்டை உயரமாகவும் பின்தள்ளியும் இருப்பதால் கட்டைவிரலை அங்கே கொண்டுபோக மொத்தக் கையும் உள்ளே நகர வேண்டியிருக்கும்; துரித காலத்தில் அங்கேதான் உடையும்.

சி-யிலிருந்து மாயாமாளவகௌளைக்கு வலக்கை 1 2 3, 1 2 3 4 5. அதாவது மத்யமத்தில் கட்டைவிரல் அடியில் நுழைகிறது. சங்கராபரணம், கரகரப்ரியா, தோடி மூன்றுக்கும் இதே விரல் பொருந்தும். கல்யாணியில் மத்யமம் கருப்பு என்பதால் 1 2 3 4 என்று மத்யமம் வரை போய், பஞ்சமத்தில் 1 2 3, பிறகு மேல் ஷட்ஜத்தில் மறுபடி 1. மோகனத்துக்கு 1 2 3, 1 2, பிறகு மேல் ஷட்ஜத்தில் 1. இறங்கும்போது இதையே திருப்பினால் போதும். கட்டைவிரலுக்கு மேலாக மூன்றாம் அல்லது நான்காம் விரல் தாண்டும்.

வலக்கை விரலில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், ஒலிக்கும் ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு இடக்கை போய்விடும். ஸ்வரம் முழுவதையும் வலக்கை ஒன்றே சுமக்க வேண்டும்.

சம இடைவெளியைச் சுருதிக்குத் திருத்துவது

கீபோர்டின் 12 இடங்களும் சமமாகப் பிரிக்கப்பட்டவை. தம்புராவோடு இயற்கையாக இழையும் இடங்கள் அப்படிச் சமமாக இருப்பதில்லை. பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட். மத்திய சி-யோடு ஜி-யைச் சேர்த்துப் பிடித்தால் விநாடிக்கு ஒரு முறைகூட முழுதாக வராத மெல்லிய அலை. பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். அந்தர காந்தாரம் அப்படியல்ல. சி-யையும் இ-யையும் ஆர்கன் ஒலியில் சேர்த்துப் பிடித்தால் விநாடிக்குச் சுமார் 10 அதிர்வலை கேட்கும். சங்கராபரணத்தில் காந்தாரத்தில் நின்று கார்வை (நீட்டிப்பு) கொடுக்கும்போது கீபோர்டு மட்டும் சற்றுக் கூராகக் கேட்பதற்குக் காரணம் இது.

யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ், கோர்க் பிஏ போன்ற வரிசைகளில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே சென்ட் கணக்கில் நகர்த்த வசதி உண்டு. ஸ்கேல் டியூன், டெம்பரமென்ட் என்ற பெயர்களில் மெனுவில் தேடுங்கள். ஷட்ஜம் சி என்று வைத்துக்கொண்டு இட வேண்டிய அளவு: ரி1 +12, ரி2 +4, க2 +16, க3 −14, ம1 −2, ம2 −10, ப +2, த1 +14, த2 −16, நி3 −12. நி2-க்கு இரண்டு தேர்வு: −4 அல்லது +18. முதலாவது சுத்த மத்யமத்தோடு இழையும், இரண்டாவது சாதாரண காந்தாரத்தோடு இழையும். நீங்கள் வாசிக்கும் ராகத்தில் நிஷாதம் எதோடு அதிகம் உறவாடுகிறது என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் திருத்துவதற்கு முன் க3, த2, நி3 மூன்றை மட்டும் திருத்திக் கேட்டுப் பாருங்கள். அசையாமல் நிற்கும் ஸ்வரங்களில்தான் இதன் பயன் தெரியும். தோடியின் காந்தாரம் போல ஓயாமல் அசையும் ஸ்வரத்துக்கு 16 சென்ட் கூட்டினாலும் குறைத்தாலும் கேட்பவருக்கு ஒன்றும் ஆகாது. அங்கே அசைவின் அளவும் வேகமும்தான் சுருதி.

டிரான்ஸ்போஸ் மாற்றும்போது இந்தத் திருத்தம் விரலோடு போகிறதா, ஒலியோடு போகிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. டி ஷார்ப்பை மட்டும் +50 ஆக்குங்கள்; அபஸ்வரமாக அலறும். இப்போது டிரான்ஸ்போஸ் +1 வைத்து அதே கட்டையை அழுத்துங்கள். இன்னும் அதே கட்டை அலறினால் திருத்தம் விரலோடு போகிறது, கவலை இல்லை. அபஸ்வரம் பக்கத்து டி-க்குப் போய்விட்டால், டிரான்ஸ்போஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவுகளை இடம் மாற்றி இட வேண்டும். சோதனை முடிந்ததும் +50-ஐ மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கிடாரும் இன்னொரு கீபோர்டும் சேர்ந்து கார்டு வாசிக்கும் மேடையில் ஸ்கேல் டியூனை அணைத்துவிடுங்கள். அவர்கள் சமப் பிரிவில் இருக்க, நீங்கள் மட்டும் 14 சென்ட் இறங்கி நின்றால் தவறு உங்களுடையதாகத்தான் கேட்கும்.

கீபோர்டில் இந்த வசதி இல்லாவிட்டால், யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச சிந்தசைசரில் (மென்பொருள் இசைக்கருவி) ஸ்வர அளவுகளைப் பட்டியலிடும் ஸ்காலா கோப்பாக இதைக் கொடுக்கலாம். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான்: முதல் வரியில் ஒரு விளக்கம், இரண்டாம் வரியில் 12, பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம் என்று 111.7, 203.9, 315.6, 386.3, 498.0, 590.2, 702.0, 813.7, 884.4, 1017.6, 1088.3, 1200.0. ஷட்ஜத்தின் 0-ஐ எழுதக் கூடாது. 498, 702, 1200 மூன்றையும் தசமப் புள்ளி இல்லாமல் எழுதினால் மென்பொருள் அதைச் சென்ட் என்று எடுக்காமல் விகிதம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டை காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கேட்பதற்கு ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அழுத்தியதற்கும் ஒலிப்பதற்கும் இடையே விழும் தாமதத்தில் தாளம் நிற்காது. கம்பி போட்ட ஹெட்போனே சரி.

கமகத்துக்கு வளைவு

பிட்ச் பெண்ட் இல்லாத கீபோர்டில் வர்ணம் வாசிக்கலாம், ராகம் வாசிக்க முடியாது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சக்கரம்தான். நூற்றுக்கணக்கான ஒலிகளும் தாளங்களும் அப்புறம். கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கச்சேரி செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியில் கமகம் எவ்வளவு தூரம் சாத்தியம் என்று தெரிந்திருக்கும்.

பெண்ட் எல்லை பெரும்பாலும் 2 அரைச்சுரமாக வைக்கப்பட்டிருக்கும். அதாவது முழுக்கத் தள்ளினால் 2 ஏறும், முழுக்க இழுத்தால் 2 இறங்கும். தொடக்கத்தில் அதை மாற்ற வேண்டாம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி ஷார்ப்பை அழுத்திச் சக்கரத்தைக் கீழே முழுக்க இழுத்தால் சுத்த ரிஷபம், மேலே முழுக்கத் தள்ளினால் சுத்த மத்யமம். அந்தக் காந்தாரம் ஊசலாட வேண்டிய வெளி முழுவதும் ஒரே கட்டையின் கீழ் கிடைத்துவிடுகிறது. மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு 3 அரைச்சுரம் என்பதால் 2 போதாது; அங்கே எல்லையை 3 ஆக்கலாம். ஆனால் ராகத்துக்கு ராகம் எல்லையை மாற்றிக்கொண்டே போனால் எவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஏறும் என்ற கை நிதானம் படியவே படியாது. 2 அல்லது 3, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அதிலேயே இருங்கள். 12 வேண்டவே வேண்டாம். ஒரு நூலிழை தள்ளினாலே அரைச்சுரம் தாண்டிவிடும்.

நீண்ட ஜாருவுக்கு, உதாரணமாக ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போக, சக்கரத்தைவிடப் போர்டமென்டோ (ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு ஒலியை வழுக்கும் வசதி) ஏற்றது. மோனோ முறையை (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) இயக்கி, போர்டமென்டோ நேரத்தைக் குறைவாக வைத்து, முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்துங்கள். இரண்டாவது கட்டைக்குப் புதிய தாக்கு இல்லாமல் ஒலி வழுக்கிச் செல்லும். ஜண்டை வரிசையின் (இரட்டை ஸ்வரப் பயிற்சி) ஸ்புரிதக் கமகத்துக்குச் சக்கரமே தேவையில்லை: ரி ரி என்பதில் இரண்டாவது ரி-க்கு முன் ஷட்ஜத்தை விரலால் சுருக்கெனத் தொட்டுவிட்டு அழுத்தமாக ரி-க்கு வந்தால் போதும்.

கீழிருந்து ஏறி வந்து நிற்கும் ஸ்வரத்துக்கு இன்னொரு முறை. சக்கரத்தை முதலிலேயே கீழே இழுத்து வைத்துக்கொண்டு மத்யமத்தை அழுத்துங்கள். ஒலிப்பது சாதாரண காந்தார இடம். பிறகு சக்கரத்தை மெதுவாக நடுவுக்கு விட்டால் மத்யமத்தில் வந்து அமரும். சட்டென்று விட்டால் ஸ்ப்ரிங் தானாகத் துள்ளிக் கொண்டுவந்துவிடும். அந்தத் துள்ளல் கேட்கும். விரல் கடைசிவரை சக்கரத்தோடு வர வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகளைச் சொல்லிவிடுகிறோம். சக்கரம் நடுவுக்கு வருவதற்குள் அடுத்த கட்டையை அழுத்துவது முதலாவது. அந்த ஸ்வரம் அபஸ்வரமாகத்தான் பிறக்கும். கார்டையோ ஷட்ஜ பஞ்சமத்தையோ இடக்கை ஒலியில் பிடித்துக்கொண்டு வளைப்பது அடுத்தது. அதே சேனலில் இருந்தால் சுருதியும் சேர்ந்து வளையும். ஸ்ப்ளிட் போட்டு இடப்பகுதிக்கு பெண்ட் எல்லையை 0 ஆக்குங்கள், அதற்கு வசதி இல்லையென்றால் சுருதிக்குத் தனிப் பெட்டியே நல்லது. ரோலண்டிலும் கோர்கிலும் சக்கரத்துக்குப் பதில் பக்கவாட்டில் அசையும் நெம்புகோல் உண்டு. அதைத் தெரியாமல் முன்னே தள்ளினால் மாடுலேஷன் இயங்கி ஒலி நடுங்கும். அந்த நடுக்கம் கம்பிதமாகாது (ஸ்வரத்தை அசைக்கும் கமகம்). அது ஒரே வேகத்தில், ஒரே அகலத்தில் ஓடுவது. கம்பிதமோ ராகத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறுவது. மாடுலேஷன் அளவை 0 ஆக்கிவிடுங்கள்.

ஒலித் தேர்வும் இதோடு சேர்ந்தது. பியானோவும் கிடாரும் அழுத்தியதும் தேய்ந்துகொண்டே போகும். நீண்ட கமகத்தின் பாதியில் ஒலி செத்துவிடும். புல்லாங்குழல், வயலின், லீட் சிந்த் போலப் பிடித்திருக்கும்வரை நிற்கும் ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள். மெல்ல எழும் ஸ்ட்ரிங்ஸ் ஒலிகள் துரித காலத்தில் பின்தங்கும். சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிடுங்கள், ரிவர்பைக் குறையுங்கள். வளைவின் விளிம்புகள் மழுங்காமல் கேட்கும்.

அமைப்புகளைச் சேமிப்பது

ஒலி, டிரான்ஸ்போஸ், பெண்ட் எல்லை, ஸ்கேல் டியூன் எல்லாம் சரியானதும் ரெஜிஸ்ட்ரேஷன் நினைவகத்தில் பதியுங்கள். எல்லா மாடலும் எல்லாவற்றையும் பதிவதில்லை. பதிந்தபின் கீபோர்டை அணைத்து, மறுபடி இயக்கி, அந்த எண்ணை அழைத்து நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எது திரும்பி வரவில்லையோ அதைக் கையால் வைக்க வேண்டியதாகக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பல யமஹா கீபோர்டுகள் 30 நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக அணைந்துவிடும். மேடையில் சுருதி சேர்த்துவிட்டு விழா உரைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இது நடந்தால் பதியாத அமைப்பெல்லாம் போய்விடும். ஆட்டோ பவர் ஆஃப் என்பதை மெனுவில் தேடி முன்கூட்டியே அணைத்து வையுங்கள். மேடையேறியதும் முதல் வேலையாக ஷட்ஜத்தை அழுத்தித் தம்புராவோடு ஒத்துப் பார்த்து, சக்கரத்தை ஒருமுறை மேலும் கீழும் முழுக்க அசைத்து, அது நடுவில் சரியாக வந்து நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.